நோகாத நோயும் தவக்குலும்

“உடம்பில் நோவு ஒன்றுமில்லை. நெஞ்சு வலிக்கவில்லை, தலை கனக்கவில்லை. அப்படியிருக்க, ஆயுள் முழுவதும் தினமும் மாத்திரை விழுங்கச் சொல்கிறார்களே! இது அல்லாஹ்வின் மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்குக் குறைவாகாதா?”

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடையிலுள்ள ஓர் ஊரில், அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த வேளையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஐவேளைத் தொழுகையை விடாதவர். மலேசியாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, சிறியதாக மளிகைக் கடை வைத்திருந்தார். நிறுவையில் ஒரு குன்றிமணி குறைக்காதவர் என்று ஊரில் பெயர். டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்த்து, பிரஷர் 170க்கு 100 என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். மறுபடி பார்த்தபோது 130க்கு 80 என்று வந்தது. “நோய் போய்விட்டது, மாத்திரையும் போகட்டும்” என்று நிறுத்திவிட்டார். நிறுத்தியதற்கு அவர் சொன்ன காரணந்தான் மேலே கண்ட கேள்வி.

அன்று அவருக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. “அல்லாஹ் போதுமானவன்” என்று பொதுப்படையாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வார்த்தை சத்தியமான வார்த்தை. ஆனால் அவர் கேட்டதற்கு அது விடையாகவில்லை. விடை சொல்லும் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ள அந்த உயர்ந்த வார்த்தையை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்பதே உண்மை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சுபுஹு வேளையில் ஒளுச் செய்ய எழுந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாவும் இழுத்துக்கொண்டது. இன்று அவருடைய மனைவிதான் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். மகன் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். மகளின் நிக்காஹ் நாளில், வலியாக இருந்து வாய் திறந்து மகளைக் கொடுக்க வேண்டியவர், இடது கையை அசைத்துத் தம் தமையனாரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கண் கலங்காதவர் இல்லை. எல்லோரும் “அல்லாஹ்வின் நாட்டம்” என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போது என் மனம் என்னைச் சுட்டது.

அவர் கேட்டது நல்ல கேள்வி. நம் வீடுகள் பலவற்றில் வாய்விட்டும் விடாமலும் கேட்கப்படுகிற கேள்வி. அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்ல முயல்கிறேன்.

நோயின் இயல்பு

இருதயம் இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்களின் சுவரில் விழும் அழுத்தம் ஓர் எண். இருதயம் தளர்ந்து மறு துடிப்புக்கு ஆயத்தமாகும்போது உள்ள அழுத்தம் மற்றோர் எண். 120க்கு 80 என்ற அளவை ஒட்டியிருப்பது நலம். 140க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நிலைத்து நின்றால் அது நோய். வயது, உப்பு, உடற்பருமன், புகையிலை, குடும்ப வழி என்று காரணங்கள் பல உண்டு. பெரும்பாலோருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாது.

இதன் பெரிய தந்திரம், இது நோகாது என்பதே. காய்ச்சல் சுடும், பல்வலி தூங்கவிடாது. இதுவோ வருடக் கணக்கில் சத்தமின்றி இருந்து, குழாய்களைத் தடிக்கச் செய்து, இருதயத்தை வீங்கவைத்து, சிறுநீரகத்தை அரித்து, கண்ணின் நுண்ணிய நரம்புகளைக் கெடுத்து, ஒருநாள் மூளையில் ஒரு குழாயை அடைக்கும் அல்லது வெடிக்கச் செய்யும். நோவு தெரியும் அன்றைக்கு நோய் தன் வேலையை முடித்திருக்கும்.

2020இல் தமிழகத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்கு 34 பேருக்கு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, இந்த நோய் இருப்பது தெரியவந்தது. அப்படி நோயுள்ளவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு ஏழு பேருக்கு மட்டுமே. மீதிப் பேரில் பலருக்குத் தமக்கு நோய் உண்டென்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் நம் பெரியவரைப் போல் மாத்திரையை நடுவில் விட்டவர்கள்.

நடுவில் விடுவது ஏன் தவறு? நம் மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம்; ஆகவே கண்மாயைக் கொண்டே சொல்கிறேன். மழைக்காலத்தில் மடையைத் திறந்து வைத்தோம், நீர் மட்டம் தாழ்ந்தது, கரை பிழைத்தது. “மட்டந்தான் தாழ்ந்துவிட்டதே” என்று மடையை அடைத்துவிட்டு வந்து படுத்தால் என்ன ஆகும்? மட்டம் தாழ்ந்ததே மடை திறந்திருந்ததால் அல்லவா! மாத்திரை இந்த நோயை வேரோடு பிடுங்குவதில்லை. அது மடையைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 130க்கு 80 என்று வந்தது நோய் போனதற்கு அடையாளமன்று. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

தவக்குலின் பொருள்

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு பொறுப்பை ஒப்படை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியது நம் பிள்ளைகளும் மதரஸாவில் படிக்கும் பாடம். நோயை இறக்கியவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நெஞ்சு நோவால் வருந்தியபோது, அவர்களுக்காகத் துஆச் செய்த அதே நபி (ஸல்) அவர்கள், தகீஃப் குலத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படியும் சொன்னார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. துஆவும் வைத்தியரும் ஒன்றுக்கொன்று பகையென்றால் இது எப்படி நடந்திருக்கும்?

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்வியுற்றுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருள்பட உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். நோய் விதியென்றால் மருந்தும் விதியே.

இவ்வளவும் பொதுவாக நாம் அறிந்தவை. ஆனால் நம் பெரியவரின் கேள்வி இன்னும் நுட்பமானது. நோவே இல்லாத நிலையில், வருமோ வராதோ என்ற ஓர் ஆபத்துக்காக மருந்து தின்பதைப் பற்றியது அவருடைய கேள்வி. இதற்கு விடை தேட, 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நமக்கு நல்ல துணை. ‘இஹ்யா’வில் தவக்குலைப் பற்றி எழுதும் இடத்தில், தீங்கை விலக்கும் காரணங்களை அவர்கள் மூன்று படிகளாக வைக்கிறார்கள். பசிக்கு ரொட்டியும் தாகத்துக்குத் தண்ணீரும் போல உறுதியானவை முதற்படி. இவற்றைக் கைவிடுவது தவக்குலே ஆகாது, உயிருக்கு ஆபத்தென்றால் ஹராமும் ஆகும். வைத்தியர்களின் பெரும்பாலான மருந்துகளைப் போல, பயன் தரலாம் என்று நம்ப இடமுள்ளவை இரண்டாம் படி. இவற்றைக் கையாள்வது தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் தடையன்று. சூடு போடுதல் முதலாக, வெறும் ஊகத்தில் நிற்பவை மூன்றாம் படி; இவற்றை விட்டொழிப்பதே தவக்குலுக்கு அழகு.

இரத்த அழுத்த மாத்திரை இவற்றில் எந்தப் படியைச் சேர்ந்தது? கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

படியேறிய மருந்து

1945 ஏப்ரல் 12ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300க்கு 190. 1944 மார்ச்சிலேயே அது 186க்கு 108 இருந்ததை டாக்டர்கள் கண்டிருந்தார்கள். ஓய்வெடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்பதற்கு மேல், அழுத்தத்தை அடக்கிவைக்கும் நல்ல மருந்து அவர்கள் கையில் இல்லை. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த வல்லரசின் தலைவருக்கே அன்று அந்த மாத்திரை கிடைக்கவில்லை.

மருந்து பிறந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. “இதெல்லாம் இங்கிலீஷ் மருந்து, நம் உடம்புக்கு ஒத்துவராது” என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சர்ப்பகந்தா என்னும் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தார்கள். டில்லியில் திப்பியா கல்லூரியை வளர்த்த யூனானிப் பேரறிஞர் ஹகீம் அஜ்மல்கான் அவர்களின் தூண்டுதலால் ஆராய்ச்சியில் இறங்கிய ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி, 1931இல் அந்த வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்கு ‘அஜ்மலீன்’ என்று தம் ஆசானின் பெயரையே சூட்டினார். அதே 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள அறிஞர்கள் அந்த வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை எழுதினார்கள். பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் கண்ட பயனை 1949இல் இங்கிலாந்தின் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ‘ரெஸர்பைன்’ என்ற மருந்து பிரிக்கப்பட்டது. முஸ்லிம், இந்து, பார்ஸி, கிறிஸ்தவர் என்று பலருடைய உழைப்பு அந்த ஒரு வேரில் கூடியது. இன்று அதைவிடத் தொல்லை குறைந்த மருந்துகள் வந்துவிட்டதால் ரெஸர்பைன் அருகிவிட்டது. ஆனால் வழி திறந்தது அதுவும் அதன் காலத்து மருந்துகளுமே.

1967இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடையே நடத்திய ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. மிக அதிக அழுத்தமுள்ள 143 பேரை எடுத்துக்கொண்டார்கள். 73 பேருக்கு ரெஸர்பைன் அடங்கிய மருந்துகள். 70 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரி ஒன்றரை வருடத்தில், வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குப் பெரும் விபரீதம் நேர்ந்தது. மருந்துண்டவர்களில் நேர்ந்தது இரண்டே பேருக்கு. பின்னர் உலகெங்கும் நடந்த பெரிய சோதனைகளும், அழுத்தம் இவ்வளவு கடுமையாக இல்லாதவர்களுக்கும் மருந்து பக்கவாதத்தைக் குறைக்கிறது என்று காட்டின.

கஸ்ஸாலி இமாமவர்கள் கட்டிய படிகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒரு மருந்து எந்தப் படியில் நிற்கிறது என்பது, அதைப் பற்றி மனிதருக்கு அல்லாஹ் கொடுத்த அறிவைப் பொறுத்தது. 1945இல் ஊகமாக இருந்தது இன்று உறுதியை நெருங்கி நிற்கிறது. “எங்கள் பாட்டனார் மாத்திரையா தின்றார்?” என்பவர், பாட்டனாருக்கு அந்த அறிவு கொடுக்கப்படவில்லை, தமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, கொடுக்கப்பட்டதைப் பற்றித்தான் கேள்வி கணக்கு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்.

எல்லா நோயாளிக்கும் ஒரே அளவில் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. 142க்கு 90 உள்ளவரை, உப்பைக் குறைத்து, நடந்து, எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்ப்போம் என்று டாக்டரே அனுப்பலாம். 180க்கு 110 உள்ளவருக்கு அந்த அவகாசம் இல்லை. ஆபத்து ஏற ஏற, மருந்தும் இரண்டாம் படியிலிருந்து முதற்படியை நோக்கி ஏறுகிறது.

கைபை அறிந்தவர் யார்?

யோசிப்பவர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கே கேட்கலாம். “வெற்று மாத்திரை தின்ற 70 பேரில் மீதி 43 பேருக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒன்றும் ஆகவில்லையே! நான் அந்த 43இல் ஒருவனாக இருக்கக்கூடாதா?”

இருக்கலாம். ஆனால் யார் அந்த 27, யார் அந்த 43 என்று முன்கூட்டி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அது கைபு, மறைவானவற்றின் ஞானம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. “எனக்கு ஒன்றும் வராது” என்று மாத்திரையை ஒதுக்குபவர் தவக்குல் வைத்தவரைப் போலத் தோன்றுகிறார். உற்றுப் பாருங்கள்: தனக்கு நாளை என்ன நடக்கும் என்பது தனக்குத் தெரியும் என்றல்லவா அவர் சொல்கிறார்! மாத்திரையை விழுங்குபவரோ, “எனக்குத் தெரியாது, தெரிந்தவன் நீ, நீ காட்டிய வழியை நான் பிடித்தேன், முடிவு உன் கையில்” என்கிறார். இவ்விருவரில் பணிவு யாரிடம் இருக்கிறது?

மேலும், நோவு தெரிந்தால்தான் நம்புவேன் என்பது ஈமான் கொண்டவருக்குப் பொருந்தாத பேச்சு. கண்ணால் காணாத மறுமைக்காகக் குளிரில் எழுந்து தொழுபவர்கள் நாம். டாக்டரின் வார்த்தை வஹீ ஆகிவிடாது. அதில் தவறு நேரலாம், இன்னொரு டாக்டரிடம் காட்டலாம், வீட்டிலும் அளந்து பார்க்கலாம். ஆனால் உணர முடியாத ஒன்றை அறிவின் துணையால் ஒப்புக்கொண்டு, அதற்காக இன்றே ஒரு காரியத்தைச் செய்யும் பயிற்சி மற்றவர்களைவிட நமக்கு அதிகமாகவே இருக்க வேண்டும்.

மருந்தை மறுத்த பெரியோர்கள்

எதிர்ப்பக்கத்து ஆதாரங்களை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் துஆக் கேட்டு வந்தபோது, விரும்பினால் பொறுமையாக இருந்து சுவர்க்கம் பெறலாம், விரும்பினால் சுகத்துக்காகத் துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவருக்கு முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் கடைசி நோயில் வைத்தியரை அழைக்க வேண்டாமென்றார்கள். கேள்வி கணக்கின்றிச் சுவர்க்கம் புகும் எழுபதினாயிரம் பேரைப் பற்றிய ஹதீஸும் உண்டு. மருத்துவம் செய்துகொள்வது எல்லா நிலையிலும் கட்டாயக் கடமை என்று நம் மத்ஹபுகளின் அறிஞர்கள் பெரும்பாலோர் கூறாததற்கு இவையும் காரணம்.

ஆனால் இந்த ஆதாரங்களை நம் அலட்சியத்துக்குப் போர்வையாக்கலாமா? அந்தப் பெண்மணி தம் நோவை அனுபவித்து அறிந்து, அதைத் தாமே சுமக்க முன்வந்தார். அபூபக்கர் (ரலி) அவர்களோ தம் முடிவு நெருங்கிய வேளையில் அப்படிச் சொன்னார்கள். எழுபதினாயிரம் பேரைப் பற்றிய ஹதீஸில் சொல்லப்படுபவை ஓதிப் பார்க்கச் சொல்லிப் பிறரை நாடுவதும், சூடு போட்டுக்கொள்வதும், சகுனம் பார்ப்பதுமே. மருந்தை விடுவதே எப்போதும் மேல் என்போரை மறுத்துக் கஸ்ஸாலி இமாமவர்கள் தனியே ஒரு பகுதி எழுதியிருக்கிறார்கள். பொறுமை என்பது வந்த துன்பத்தைத் தாங்குவது. வராமல் தடுக்கக்கூடிய துன்பத்தைத் தன் வீட்டார் தலையில் இறக்கி வைப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை.

1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இவற்றையெல்லாம் ஆராய்ந்து ஒரு தீர்மானம் செய்தது. மருத்துவத்தை விடுவதால் உயிரோ, உறுப்போ அழியும், அல்லது உடல் முடமாகும் என்றிருந்தால் மருத்துவம் கட்டாயம். உடல் பலவீனப்படும் என்ற அளவில் இருந்தால் விரும்பத்தக்கது. மற்ற நிலைகளில் ஆகுமானது என்று அது வகைப்படுத்தியது. ஃபத்வாக் கொடுப்பது என் வேலையன்று. அவரவர் நிலையைச் சொல்லித் தம் ஊர் ஆலிமிடமும் டாக்டரிடமும் கேட்டுக்கொள்க. ஆயினும் ‘முடமாகும்’ என்ற சொல்லைப் படிக்கும்போது, வலது கை விழுந்துகிடக்கும் நம் பெரியவர் என் கண்ணில் நிற்கிறார்.

உடல் அமானத்

உடம்பு நம் சொந்தச் சொத்தன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அதன் மீது வேறு பலருக்கும் ஹக்கு உண்டு. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு, உம் உடலுக்கும் மனைவிக்கும் உம்மீது ஹக்கு உண்டென்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னதும், அதை நாயகம் (ஸல்) அவர்கள் சரியென்று ஒப்பியதும் தெரிந்ததே. வணக்கத்துக்காகக்கூட உடம்பின் ஹக்கைப் பறிக்கக் கூடாதென்றால், சோம்பலுக்காகப் பறிக்கலாமா?

ஒரு மாத்திரையை விட்டவர் ஒருவர்தான். ஆனால் அதன் சுமையைத் தூக்குபவர்கள் எத்தனை பேர்! மனைவியின் தூக்கமும் மகனின் வேலையும் அதில் போயின. நிறுவையில் குன்றிமணி குறைக்காத அந்த நல்ல மனிதர், தம்மை அறியாமல் தம் குடும்பத்தாரின் ஹக்கில் குறை வைத்துவிட்டார். அதைத் தடுத்துச் சொல்லாத எனக்கும் அதில் பங்குண்டு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ரமலான் வந்தால் பலர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோன்பு நேரத்தில் மாத்திரை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்பது சரிதான். ஆனால் இன்று தரப்படும் மருந்துகள் பல, நாளைக்கு ஒருமுறை உண்பவை. ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ உண்ணும்படி மாற்றித் தர முடியுமா என்று ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்க. சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரை உண்பவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும். நோன்பு நோற்கக் கூடாத நிலை என்று டாக்டர் சொன்னால், நோயாளிகளுக்குத் திருமறையே சலுகை வழங்கியிருக்கிறது. அவன் கொடுத்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே.

நம் பெண்மக்கள் விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. கணவருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண், தன் கையில் ஒருநாளும் பட்டை கட்டிப் பார்த்திருக்க மாட்டாள். “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பாள். ஆண் டாக்டரிடம் போகக் கூச்சம், வீட்டு வேலை, செலவு என்று காரணங்கள் அடுக்கப்படும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்பிள்ளை கல்லூரிக்குப் போவதா என்ற எதிர்ப்பையெல்லாம் தாண்டி 1912இல் டாக்டரானார். இன்று மருத்துவம் பெண்களின் கையாலேயே வாசலுக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து, நோயுள்ளவர்களுக்கு மாத்திரையும் இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து, கோட்டைப்பட்டினத்து மீனவரின் வாசற்படிக்கும் கட்டுமாவடியின் குடிசைக்கும் எட்டும் காலம் இது. இந்த நிஃமத்துக்குச் செய்யும் ஷுக்ரு, வாசலுக்கு வந்தவரை உள்ளே அழைத்துக் கையை நீட்டுவதுதான்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் கடற்கரை வீடுகளில் கருவாடும் ஊறுகாயும், குர்பானி இறைச்சியில் போட்ட உப்புக்கண்டமும் இந்த அளவை ஒரே வேளையில் தாண்டிவிடும். மாத்திரையைத் தின்றுவிட்டு மேலே கருவாட்டைத் தின்பது, மடையைத் திறந்து வைத்துவிட்டு வரத்து வாய்க்காலையும் வெட்டிவிடுவது போலாகும்.

மறுபக்கத்தில் விழுந்துவிடாமலும் இருக்க வேண்டும். மாத்திரையே ஷிஃபாக் கொடுக்கிறது என்று நினைப்பது தவறு. வேளை தவறாமல் உண்டவருக்கும் பக்கவாதம் வரக்கூடும். வந்தவரைப் பார்த்து, “இவர் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்” என்று பழிப்பது அநியாயம். பிஸ்மில்லாஹ் சொல்லி விழுங்குங்கள். ஷிஃபாவைத் தருபவன் அவன். மாத்திரை அவன் கைக்கருவி.

முன்னும் பின்னும்

‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்ற சொல்லை நடந்து முடிந்ததைப் பற்றிச் சொன்னால் அது காயத்துக்கு மருந்து. கவலையில் மூழ்கிப் போகாமல் மனிதனைத் தூக்கி நிறுத்தும். நடக்கப் போவதைப் பற்றி, செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்காகச் சொன்னால், அதே சொல் சாக்குப்போக்காகிவிடும். சாய்ந்துவிட்டவருக்கு அந்தச் சொல்லால் ஆறுதல் கூறுவோம். நின்றுகொண்டிருப்பவருக்கு, ஒட்டகத்தைக் கட்டு என்று சொல்வோம்.

சென்ற மாதம் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். மக்ரிபு நேரம். படுத்தபடியே தலையசைத்துத் தொழுதுகொண்டிருந்தார். தொழுகையை அவர் விடவில்லை. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக! முடித்ததும் இடது கையால் மகனைச் சுட்டி, தன் மேற்கையைச் சுற்றிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மகன் தலைகுனிந்துகொண்டு சொன்னான்: “நான் பிரஷர் பார்த்தாச்சான்னு கேக்குறாங்க. தினமும் இதே கேள்விதான்.”

“பார்த்தாயா தம்பி?” என்றேன்.

“இன்னும் இல்லை மாமு.”

மறுநாள் காலை அவனை நானே கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு வயது 34. 150க்கு 96 என்று டாக்டர் சொன்னார். ஒருமுறை பார்த்து முடிவு கட்ட முடியாது, உப்பைக் குறைத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றார். திரும்பும் வழியில் அவன், “அத்தா கேட்ட கேள்வியையே நானும் கேட்கலாமா, மாமு? ஒண்ணும் நோகலையே” என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நமக்கு ஒப்படைக்கப்பட்ட உடம்புகளைப் பேணவும், நம்மை நம்பியிருப்பவர்களின் ஹக்கை நிறைவேற்றவும், காரணங்களைக் கையாண்டபடியே காரணகர்த்தாவின் மீது மட்டும் நம்பிக்கை வைக்கவும், வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நோயுற்றிருப்போர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.